வெள்ளிக்கிழமைப் புருஷன்

பஸ் எங்கள் தெருவுக்குள் பின்பக்கமாக நுழைந்தது. இழுத்து வந்த லோரிக்காரர் அதைத் திருப்பிக் கட்டியிருந்தார். ஆகவே வாசலில் நின்ற என் மனைவி வாசுகிக்கு முதலில் கிடைத்தது பஸ்ஸின் முகதரிசனம் அல்ல. பின்புறத் துருவும், ஒரு பக்கம் கழன்று தொங்கிய பம்பரும், மூன்று மொழிகளில் எழுதி இரண்டு அழிந்துபோன ஓர் எச்சரிக்கையும்தான். எதைப் பற்றிய எச்சரிக்கை என்று மிச்சமிருந்த சீன எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள். கையிலிருந்து நீர் சொட்டியது. பஸ்ஸை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். இரண்டில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிடுவதாகவே எனக்குப் பட்டது.

"இது ஓடுமா?"

"எஞ்சின் இல்ல."

"அப்ப இது பஸ்ஸு இல்ல. ரூமு."

சொல்லிவிட்டு அரிசிக்கே திரும்பிப் போயிருப்பாள். எலுமிச்சம்பழம்தான் தடுத்தது. புதிதாக வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும் என்பது நம்மவர்களின் எழுதாத சட்டம். வண்டி நமக்கு முன்பே பிறந்ததாக இருந்தாலும், அதற்கு எஞ்சின் இல்லாமல் போனாலும் சட்டத்தில் விலக்குக் கிடையாது. நான் பழங்களை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அடிப்படைச் சிக்கல் புரிந்தது. பஸ் நகராது.

லோரிக்காரர் வயதான மலாய்க்காரர். பழம் எதற்கு என்று மலாயில் கேட்டார். பாதுகாப்பான பயணத்துக்கு என்றேன். எந்தப் பயணம் என்று அவர் கேட்காமல் விட்டது பெருந்தன்மை.

நானும் அவரும், சாப்பாட்டுக் கடையைப் போட்டது போட்டபடி வேடிக்கை பார்க்க வந்திருந்த என் நண்பர் நைனா பாயும், எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து தள்ளினோம். ஒரு பழம் நசுங்கியது. மற்ற மூன்றும் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றன. வாசுகி குனிந்து அவற்றைப் பொறுக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஊறுகாய்க்கு ஆவும்."

இந்தப் பஸ்ஸைப் பற்றிச் சென்ற வாரம் ஒரு பத்தி போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கே ஈப்போ, சிரம்பான் வாசகர்கள் உருகிவிட்டார்கள். பழைய பஸ்ஸையே ஆபீசாக மாற்றிக்கொண்டு, இனி வாழ்நாள் முழுக்க நினைத்த இடத்திலிருந்து வேலை பார்க்கப் போகும் நான் கொடுத்து வைத்தவனாம். ஒருவர் நான் அடுத்து எந்தக் கடற்கரையில் நிறுத்தப்போகிறேன் என்று கேட்டிருந்தார். அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். படித்து முடித்ததும் வாழ்த்துகளை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

பாயசம் யாருக்கு?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் பஸ்ஸுக்கும் அந்தத் திசைதான் தெரியும்.

வீடு குளுவாங்கில். வேலை சிங்கப்பூரில், ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில். ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். ரப்பர் கையுறை என்று இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் செருப்பு என்று இருந்தால் கண்டுபிடித்து உலக வணிகத்தைக் காப்பாற்றுவேன். குளுவாங்கிலிருந்து தினமும் போய்வர முடியாது. அதனால் ஜொகூர் பாருவில் ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, விடிவதற்கு முன்பே எழுந்து சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து, இருட்டிய பிறகு திரும்பி வந்து படுப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை இப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலைப் பிடித்து வீடு. ஞாயிறு சாயங்காலம் மறுபடி பெட்டி.

ஜொகூரில் பாதி வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்குத்தான் இது பரிதாபமாகத் தெரியும். எங்களுக்கு இது கல்யாணம்.

இருபது வருடத்துக்கு மேல் நான் அந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை இரவில்தான் வந்து சேர்ந்தேன். வாசலில் விளக்கு எரியும். உள்ளே நுழையும்போதே சாம்பிராணி மணக்கும். வாசுகி தலைக்குக் குளித்து மல்லிகை வைத்திருப்பாள். தரை அப்போதுதான் துடைத்தது போல் கால் வழுக்கும். சாம்பார், வாழைக்காய், அப்பளம், கடைசியில் பாயசம். வாரம் முழுக்க நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவனுக்கு அந்தப் பாயசம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி தன் புருஷனுக்காக இவ்வளவு செய்கிறாளே என்று ஒவ்வொரு வாரமும் மனம் நெகிழ்ந்து போவேன்.

சாப்பிட்டு முடித்ததும் கதை. அதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கையின் நடுப்பகுதி. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "அப்புறம்?" என்பேன். அவள் அந்த வாரத்தைத் தொடங்குவாள். பக்கத்து வீட்டுக் கார் பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டது. அன்னம்மா டீச்சர் பேரனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நாய் துரத்தியது. பசாரில் மீன்காரன் நேற்றைய மீனுக்கு இன்றைய சத்தியம் செய்தது. ஒவ்வொருவர் குரலிலும் பேசுவாள். நாயின் குரலிலும் பேசுவாள். வாயைப் பொத்திக்கொண்டு லேசாகச் சிரிப்பாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

நகைச்சுவை எழுத்தாளர் என்று இந்தப் பத்திரிகை என் பெயருக்கு முன்னால் போடுகிறது. அந்த நகைச்சுவையில் பாதி வாசுகியின் வெள்ளிக்கிழமைகள். மீதிப் பாதி அச்சுப் பிழை.

இனி எப்போதும்

பிறகு கிருமிக் காலம் வந்து பாலத்தை மூடினார்கள். நான் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். ஒரு வழியாகத் திறந்தபோது, ஆள் இல்லாமலே ஆபீஸ் நன்றாக ஓடுகிறது என்று எங்கள் நிறுவனம் கண்டுபிடித்திருந்தது. இருந்த மாடிகளைக் காலி செய்தார்கள். இனி எல்லாரும் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம், தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாக என்று மேலாளர் திரையில் தோன்றி அறிவித்தார். சிலர் கைதட்டினார்கள். ஓர் அம்மாள் அழுதார். சந்தோஷம் என்று நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்தேன். இனி எல்லா நாளும் வெள்ளிக்கிழமை என்பது என் கணக்கு.

முதல் திங்கட்கிழமை மத்தியானமே அந்தக் கணக்கு உதைத்தது. அதுவரை வாசுகி திங்கட்கிழமைகளில் என்ன சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. ரொட்டிக்கு நடுவில் சார்டினைத் தடவி, கழுவுதொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு கடியில் முடித்துவிடுவாளாம். இப்போது எனக்காக ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம். பதினோரு மணிக்குக் கோப்பி. சட்டியை மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

மத்தியானங்களில் பக்கத்து வீட்டு ரோஹானா அம்மாளும் அன்னம்மா டீச்சரும் இன்னும் இரண்டொருவரும் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாம். அதுவும் எனக்குத் தெரியாது. அந்த வாரமும் வந்தார்கள். கூடத்தில் நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, திரையில் தபால்தலை அளவு முகங்களோடு, ஒரு கண்டெய்னர் நிறைய தேங்காய்த் துருவல் எங்கே போனது என்று விவாதித்துக்கொண்டிருந்தேன். அவர்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன். வயதான பெண்கள் நுனிக்காலில் நடந்து திரும்பிப் போவதைப் பார்க்க நன்றாக இருக்காது. அடுத்த வாரம் யாரும் வரவில்லை.

அந்த முதல் வெள்ளிக்கிழமைக்கு நான் ஆவலோடு காத்திருந்தேன். காலையிலிருந்தே வீடு துடைக்கப்பட்டது. வாசுகி தலைக்குக் குளித்தாள். மல்லிகை வந்தது. சாம்பிராணி எழுந்தது. பாயசம் கொதித்தது. எல்லாம் நான் ரயிலில் வந்த காலத்தைப் போலவே நடந்தது. ஒரே வித்தியாசம், இந்தமுறை நான் கூடவே இருந்து பார்த்தேன். முதல் கிண்ணம் பாயசம் சாமி அறைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உகந்த நாள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க இருபது வருடத்துக்கு மேல் எனக்குத் தோன்றவில்லை. நான் வராவிட்டாலும் அந்த விளக்கு எரிந்திருக்கும். அம்மனுக்குச் செய்ததில் எனக்கும் ஒரு கரண்டி விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். விருந்து வேறொருவருக்கு. நான் நேரம் பார்த்து வந்து சேர்ந்தவன்.

சரி, கதையாவது மிச்சமிருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"இந்த வாரம் என்ன ஆச்சு, சொல்லேன்."

வாசுகி நிஜமாகவே யோசித்தாள். அவள் முகத்தில் தேடுவது தெரிந்தது. எதுவும் கிடைக்காததும் தெரிந்தது.

"எல்லாத்தயும் நீங்களே பாத்துட்டீங்க. நான் என்னத்தங்க சொல்றது?"

பிறகு தொலைக்காட்சியைப் போட்டாள். அதில் யாரோ யாரையோ அறைந்தார்கள்.

பாலோவில் வாங்கியது

வீட்டில் இடமில்லாததால் நான் பஸ் வாங்கினேன் என்று ஊரில் பேச்சு. நைனா பாயும் அப்படித்தான் நினைத்தார். அவர் கடை குளுவாங் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அவர் தாத்தா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து போட்ட கடை. ரயிலுக்குக் காத்திருந்த காலத்தில் ஏற்பட்ட சிநேகம்.

"எடம் பத்தலன்னா மாடியில ஒரு ரூம எழுப்புங்கண்ணே. பஸ்ஸுல போயி யாராச்சும் ஆபீஸ் வப்பாங்களா?"

வீட்டில் இடம் நிறைய இருக்கிறது பாய், எனக்குத்தான் இல்லை என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்து, தே தாரேக் டீயை இன்னும் ஒருமுறை இழுத்து ஆற்றிக் கொடுத்தார். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இதுதான் தண்டனை. அவன் வீடு தீப்பற்றி எரிகிறது என்று கத்தினாலும் எதிரில் இருப்பவர் அடுத்த வரிக்குக் காத்திருப்பார்.

என் யோசனை எளிமையானது. வாசுகிக்குப் பகலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் அறை வாடகைக்கு எடுத்தால் நான் வீட்டிலிருந்து வெளியேறுவது போல் ஆகிவிடும். பஸ் என்றால் அது விளையாட்டு. நடுத்தர வயது ஆண்பிள்ளைகளுக்கு வரும் கிறுக்கு. சிலருக்கு மோட்டார் சைக்கிள், சிலருக்கு மீன்தொட்டி. இப்படி நினைத்துக்கொண்டால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

பக்கத்து ஊரான பாலோவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயிடம் அது நின்றது. குளுவாங்கிலிருந்து பாலோ வழியாக சாஆவுக்கு ஒரு காலத்தில் ஓடிய வண்டி. உருண்டை மூக்கு, மரச் சட்டம் போட்ட கண்ணாடி ஜன்னல்கள், இறங்க வேண்டியவர்கள் இழுக்கும் கயிறு. உள்ளே ஏறியதும் பழைய பெஞ்சின் நாரும், கோழி எச்சமும், மழையில் ஊறிய இரும்பும் சேர்ந்த ஒரு வாசனை. எஞ்சின் எங்கே என்று கேட்டேன். அது ஒரு படகுக்குப் போய்விட்டது என்றார் தவுக்கே. இந்தப் பஸ்ஸின் நல்ல பகுதி கடலில் இருக்கிறது.

நான் எங்கிருந்தும் வேலை பார்ப்பதற்காக எங்கும் போக முடியாத ஒரு வண்டியை வாங்கினேன். இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அப்போது எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது.

மறைக்கல, தெரியுது

எலுமிச்சம்பழம் ஓடிய நாளுக்குத் திரும்புகிறேன். எங்கள் வீடு தெருவின் மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் புல்தரை உண்டு. பஸ்ஸை அங்கே நிறுத்தினோம். பயணிகள் பெஞ்சுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கழற்றினேன். மேசை போட்டேன். வீட்டிலிருந்து கம்பி இழுத்து மின்விசிறி மாட்டினேன். மேலாளர் பார்த்துவிட்டு அசந்துபோனார். பஸ் வாசலில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை நிறுவனத்தின் மாதச் செய்தியில் போட்டு, எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று கீழே எழுதினார்கள். அந்த எதிர்காலம் ஒரு கையால் கதவைப் பிடித்திருக்கும். கவனித்துப் பார்த்தால் தெரியும். விட்டால் கதவு விழுந்துவிடும்.

நான் எதிர்பார்த்தபடி ஒன்றும் மாறவில்லை. பதினோரு மணிக் கோப்பியை வாசுகி இப்போது செருப்பு மாட்டிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டியிருந்தது. பஸ் ஜன்னலைத் திறந்தால் என் குரல் வீட்டுக் கூடத்தில் கேட்டது. மூடினால் எனக்கு மூச்சு முட்டியது. ரோஹானா அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாசுகியோடு சைகையில் பேசியதை ஒருநாள் பார்த்தேன். நல்ல குரல் உள்ள இரண்டு பெண்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாசுகி பஸ்ஸுக்குள் ஏறி வந்தாள். கோப்பி இல்லை. விட்டு வைத்திருந்த ஒற்றைப் பெஞ்சில் உட்கார்ந்தாள், டிக்கெட் எடுத்தவளைப் போல. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. வாசுகி எதையும் இப்படித் தொடங்குகிறவள் அல்ல.

"ஏங்க, இத வேற எங்கயாச்சும் கொண்டு போயி போட முடியாதா?"

"ஏன், வெளிச்சத்த மறைக்குதா?"

"மறைக்கல. தெரியுது. நீங்க இங்க இருக்கறது எனக்கு எந்நேரமும் தெரியுது. துணி காயப்போட்டா தெரியுது, படுத்தா தெரியுது. சும்மா உக்காந்திருந்தாக்கூட, சும்மா உக்காந்திருக்கோமேன்னு தெரியுது."

"எம்மேல கோபமா?"

"கோவம்னா சண்ட போட்டிருப்பேன்ல." அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் பயங்கரம். "மொத மாதிரி வெள்ளிக்கெழம வாங்களேன். நல்லா இருந்துச்சுல்ல?"

நான் சிரித்தேன். தொழில் பழக்கம். அவள் சிரிக்கவில்லை.

"வாசுகி, நான் உன் புருஷன்."

"அதத்தான் சொல்றேன். இப்ப வாடகைக்கு இருக்கறவரு மாதிரி இருக்கீங்க. வெள்ளிக்கெழம புருஷனா வாங்க."

கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகளிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவள் போனில், "அம்மா சொன்னா கேளுங்கப்பா" என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இல்லாததால் செய்தி வந்து சேரவில்லை.

செம்பனைக்கு நடுவில்

நைனா பாய்க்குப் பாலோ பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் கொஞ்சம் இருக்கிறது. உரம் வைக்கும் கொட்டகையில் மின்சாரம் உண்டு, தண்ணீர் உண்டு. அதன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்கவில்லை. அதே லோரிக்காரர் வந்தார். இந்தமுறை பழம் கிடையாதா என்றார்.

பஸ் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்தது. அதற்காவது மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஞாயிறு இரவு முதல் வெள்ளி வரை எனக்கு வேலையும் படுக்கையும் அதற்குள்ளேதான்.

செம்பனைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே காட்சிதான். வரிசை, வரிசை, இன்னொரு வரிசை. பத்து மணிக்கெல்லாம் தகரக் கூரை கொதிக்க ஆரம்பித்துவிடும். அறுத்த குலை விழும் சத்தம் தூரத்தில் பொத்தென்று கேட்கும். சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பேன். தபால்தலை முகங்கள் வரும், போகும். திரையில் எனக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும்படி ஒரு படத்தைப் போட்டு வைத்திருந்தேன். நான் தலையை ஆட்டினால் ஒரு காது அலமாரிக்குள் மறைந்துவிடும்.

குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் ஒருநாள் வந்து படியில் நின்று முட்டையும் சிகரெட்டும் கேட்டார். கடை இல்லை, ஆபீஸ் என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊரில் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, குளுவாங்கில் என்றேன். அவருடைய குடும்பம் லொம்போக்கில் என்றார். அது கடலுக்கு அப்பால். குளுவாங் காரில் அரை மணி. இருந்தாலும் எங்கள் இருவர் நிலைமையும் ஒன்று என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. மறுநாள் எனக்கு ஒரு சிகரெட் கொண்டுவந்து கொடுத்தார். நான் புகைப்பதில்லை. வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாம் சரியாக நடந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று அழைப்பேன். வாசுகி ஈரக் கூந்தலோடு வந்து கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா?" என்பாள். அதில் பழைய சந்தோஷம் இருந்தது. நடிப்பு இல்லை. சாப்பிட்டு முடித்து "அப்புறம்?" என்றால் வாரம் முழுவதும் கொட்டும். பூனை, டீச்சர், மீன்காரன், எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சனிக்கிழமை நண்டு. அவள் என் தலைமுடியைப் பார்த்து வெட்டச் சொல்வாள். காதலித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனதும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. என் சட்டைகளைத் தேய்த்து மடித்துப் பையில் வைப்பாள். செம்பனைக்கு நடுவில் பனியனோடு உட்கார்ந்திருக்கப் போகிறவனுக்கு எதற்குத் தேய்த்த சட்டை? இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு அசதியாக இருக்கிறது, நாளைக்குப் போகட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். சரி என்றாள். உடனே சரி என்றாள். ஆனால் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவளாகக் கொஞ்ச நேரம் கூடத்தின் நடுவில் நின்றாள். நான் அன்றே கிளம்பினேன்.

ஒரு புதன்கிழமை

ஒரு செவ்வாய் இரவு பலத்த காற்றும் மழையும். காலையில் பாலோ பக்கம் இணையம், போன், எல்லாம் செத்துப் போயிருந்தன. வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடம் வரை வந்து, மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். இன்று ஓய்வெடுங்கள், இயற்கையை ரசியுங்கள் என்று பதில் வந்தது.

அங்கிருந்து குளுவாங் பக்கம். கார் தானாக வீட்டுக்குப் போனது. நான் தடுக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் என் சொந்த வீட்டுக்கு நான் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டுப் பத்திரத்தில், அந்தக் கிராண்டில், என் பெயர்தான் இருக்கிறது. வழி முழுக்க இதை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். எதிர்க்கட்சி வக்கீல் யாரும் இல்லாதபோதும்.

தெருவோரத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். பஸ் நின்ற புல்தரையில் மஞ்சளாக ஒரு நீள்சதுரம் இன்னும் இருந்தது. வாசல்படியில் பெண்களின் செருப்புகள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளேயிருந்து மைக்கில் ஒரு பெண் பாடுவது கேட்டது. பழைய சினிமாப் பாட்டு. வாத்தியங்கள் தொலைக்காட்சியிலிருந்து வந்தன. குரல் மட்டும் ஆளின் குரல்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வாசுகி என்று தெரிந்தது.

அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. நன்றாகப் பாடவில்லை. மேல் ஸ்தாயியில் ஓர் இடம் வந்தது. எட்ட முயன்றாள், குரல் உடைந்து கீழே விழுந்தது. உடனே சிரித்தாள், மைக்கிலேயே. அன்னம்மா டீச்சர் ஏதோ சொன்னார். ரோஹானா அம்மாள் மலாயில் ஏதோ சேர்த்தார். வாசுகி இன்னும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும் புறப்படும் சிரிப்பு. இவ்வளவு வருடக் கல்யாணத்தில் நான் அதைக் கேட்டதில்லை. நான் சொன்ன எதற்கும், எழுதிய எதற்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

கேட்டின் கொண்டியில் கை வைத்திருந்தேன். தூக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மைக் அணையும். குவளைகள் சமையலறைக்குப் போகும். செருப்புகள் ஒவ்வொன்றாக மறையும். வாசுகி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, "என்னங்க, ஒடம்பு சரியில்லையா?" என்பாள். உண்மையான அக்கறையோடு கேட்பாள். அதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கையை எடுத்தேன். காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு குரலாவது கேட்க வேண்டும் போலிருந்தது. போன் செய்தேன். உள்ளே வாத்தியங்கள் நின்றன.

"ஏங்க? இந்நேரத்துல?" வெள்ளிக்கிழமைக் குரல்.

"சும்மாதான்."

"எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுலதான். எங்க இருப்பேன்?"



"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுங்க. வெள்ளிக்கெழம சீக்கிரம் வாங்க. முருங்கக்கா வாங்கி வச்சிருக்கேன்."

"சரி."

"மறுபடியும் மழ வர்ற மாதிரி இருக்கு. ரோடு வழுக்கும். பாத்து ஓட்டுங்க."

பஸ்ஸில் இருப்பதாகச் சொன்ன நான் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சரி என்றேன். போனை வைத்தேன். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஜன்னலில் யாராவது நின்றிருக்கலாம், நிற்காமலும் இருந்திருக்கலாம்.

காரைக் கிளப்பினேன். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். தெரு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. முனை திரும்பும் வரை இல்லை. திரும்பியதும் வாத்தியங்கள் தொடங்கின. விட்ட இடத்திலிருந்து.